முறுக்கும் பிழியணும், மாத்திரையும் போடணும்

புரட்டாசி முடியும் முன்பே தீபாவளிக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், அல்லது அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள். முதியோர் மருத்துவமும் மனநலமும் வீட்டுப் பராமரிப்பும் தெரிந்த எங்கள் குழுவின் பதில்கள் இவை.

*

எனக்கு வயது 68. தீபாவளிக்கு இரண்டு பையன்கள் குடும்பம், பெண் குடும்பம் எல்லாரும் வந்தால் வீட்டில் 11 பேர். ஐந்து நாள் இருப்பார்கள். முறுக்கு, மிக்சர், லட்டு, அதிரசம் எல்லாமே இத்தனை வருஷமும் என் கையால்தான். போன வருஷம் முழங்கால் வீங்கி, பிரஷர் 170க்குப் போய், தீபாவளி ராத்திரி சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மருமகள்கள் 'எல்லாத்தையும் கடையில வாங்கிக்கலாம் அத்தை' என்கிறார்கள். அதைக் கேட்டால் இன்னும் வலிக்கிறது. செய்யவும் முடியவில்லை, விடவும் மனசு வரவில்லை.
– வாசகி, கும்பகோணம்

விட வேண்டாம் அம்மா. நான்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேன்குழலும் அதிரசமும் உங்களுடையவை. லட்டும் மிக்சரும் கடையில் வாங்கட்டும். லட்டுக்குப் பூந்தி தேய்ப்பவர் கொதிக்கிற எண்ணெய்க்கு மேல் கையைத் தூக்கியபடி நின்றே ஆக வேண்டும், பாகுப் பதத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும். மிக்சருக்கு ஓமப்பொடி, காராபூந்தி, அவல், கடலை என்று ஒவ்வொன்றாகப் பொரித்தெடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். தேன்குழல் அப்படியல்ல, அதில் பாதி வேலையை உட்கார்ந்தே முடிக்கலாம். அதிரசமோ தானாகவே இரண்டு தவணையாகப் பிரிந்துவிடும்.

தேன்குழலைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே செய்துவிடுங்கள். ஈரமில்லாத, காற்றுப் புகாத டப்பாவில் 15 நாள் தாராளமாக மொறுமொறுப்பாக இருக்கும். முந்தின நாள்தான் செய்ய வேண்டும் என்ற பழக்கத்தால்தான் எல்லா வேலையும் ஒரே நாளில் தலையில் விழுகிறது. 1 கிலோ அரிசி மாவுக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு 250 கிராம், வெண்ணெய் 50 கிராம். சுமார் ஒன்றரை கிலோ தேன்குழல் வரும், உங்கள் வீட்டுக்கு அது போதும். மாவு மொத்தத்தையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். நேரமாக ஆக மாவு காய்ந்து இறுகும், பிழியும்போது மணிக்கட்டும் தோளும் சேர்ந்து வலிக்கும். கால் கால் பங்காகப் பிசைந்தால் அச்சு லேசாக இறங்கும். இரண்டு கையாலும் அழுத்தும் பழைய பித்தளை அச்சை ஓரமாக வைத்துவிட்டுத் திருகு அச்சுக்கு மாறுங்கள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெய் தடவிய கரண்டிகளின் பின்புறத்தில் நீங்கள் பிழிந்து கொடுங்கள். எண்ணெயில் போட்டு எடுப்பதை இன்னொருவர் நின்று செய்யட்டும். அடுப்புப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொரிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எண்ணெய் தெறித்தால் முழங்கால் வலி உள்ளவரால் சட்டென்று எழுந்து விலக முடியாது. அடுப்பைத் தரையில் இறக்கி வைப்பதும் கூடாது. கேஸ் அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

அதிரசத்துக்கு இந்த வருஷம் அரை கிலோ பச்சரிசி, பாகு வெல்லம் 400 கிராம், அவ்வளவுதான். ஒரு கிலோ மாவைப் பாகில் கொட்டிக் கிளற 68 வயதுத் தோள் ஒத்துழைக்காது. அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, துணியில் நிழலில் உலர்த்தி, ஈரம் கையில் ஒட்டும்போதே அரைத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால் அதிரசம் விரிசல் விடும். மாவு இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் பதமாகும், அந்த நாட்கள் உங்கள் முழங்காலுக்கு ஓய்வு. சுடும்போது எண்ணெயில் கரைந்து பிரிந்தால் பாகு இளகலாக நின்றுவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகிவிடும்.

ஆனால் உங்களைச் சாய்த்தது பலகாரம் மட்டும் அல்ல என்று கணக்கு சொல்கிறது. பலகாரம் மூன்று நாள் வேலை. 11 பேருக்கு ஐந்து நாள் காபி, டிபன், சாப்பாடு, மறுபடி காபி என்பது அதைவிடப் பெரிய வேலை. அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து நாளில் இரண்டு நாள் மதியச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வரட்டும். இரவு டிபன் முழுக்க மருமகள்கள் பொறுப்பு. நீங்கள் மேற்பார்வைக்குக்கூடப் போகாதீர்கள். மதியம் 2 முதல் 4 வரை உங்கள் அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் அவர்கள் வந்து இறங்கிய பிறகு சொன்னால் குறையாகப்படும். இப்போதே பெரிய பையனுக்குப் போன் போடுங்கள். "இந்த வருஷம் தேன்குழலும் அதிரசமும் நான் பண்றேன். லட்டும் மிக்சரும் வரும்போது வாங்கிட்டு வந்துடுங்க. அடுப்புல நின்னு பொரிக்கிறது நீ" என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லுங்கள். 'எனக்கு முடியலப்பா' என்று மட்டும் சொன்னால், 'அப்போ ஒண்ணும் பண்ணாதேம்மா' என்றுதான் பதில் வரும். நீங்கள் பயப்படுவதும் அந்தப் பதிலுக்குத்தான்.

முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை வாங்கிப் போடுவதாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். அவை பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரையோடு, முக்கியமாக நீர் பிரியும் மாத்திரையோடு சேரும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலி தாங்காவிட்டால் பாரசிட்டமால் 650 ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதையும் போடக் கூடாது. ஒரு தடவை 170 காட்டியிருப்பதால், தீபாவளிக்கு முன்பே போய் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போதே 15 நாளுக்கான மாத்திரையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பண்டிகையன்று பல மருந்துக் கடைகள் மூடியிருக்கும்.

*

எனக்கு 72 வயது. சர்க்கரைக்குக் காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரை போடுகிறேன். போன தீபாவளிக்கு 4 மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, 6 மணிக்கு வழக்கம்போல் மாத்திரை போட்டு, கோயிலுக்குப் போய்விட்டு 9 மணிக்கு இலையில் உட்காருவதற்குள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. எண்ணெய்க் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள் மனைவி. இன்னொரு சந்தேகம்: இனிப்பு சாப்பிடுகிற நாளில் மாத்திரையைக் கூடப் போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சர்க்கரை தாழ்ந்துபோனதற்கானவை. கிளிமிபிரைடு கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. 6 மணிக்கு மாத்திரை, 9 மணிக்குச் சாப்பாடு என்றால், நடுவில் மூன்று மணி நேரம் அது வெறும் வயிற்றில் வேலை செய்திருக்கிறது. போதாததற்குக் கோயில் பிராகாரம் வேறு சுற்றியிருக்கிறீர்கள். தீபாவளியன்று கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போடாதீர்கள். இலையில் இட்லி விழுந்த பிறகு போடுங்கள். கோயிலுக்குப் போய்விட்டுத்தான் சாப்பாடு என்றால் மாத்திரையும் அப்போதுதான். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர்களும் இதையே பின்பற்ற வேண்டும்.

கூடுதல் மாத்திரை வேண்டவே வேண்டாம். இனிப்பால் ஏறும் சர்க்கரை சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும். அதன் விளைவு நடு ராத்திரியில், தூக்கத்தில் தெரியும். அதற்குப் பதில் இனிப்புச் சாப்பிடும் வேளையில் இட்லியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி லேகியத்தையும் இனிப்புக் கணக்கில் சேருங்கள். சுக்கும் மிளகும் திப்பிலியும் இருப்பதால் அதை மருந்து என்று நினைத்து உருண்டை உருண்டையாகச் சாப்பிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு வெல்லமும் நெய்யும்தான். சுண்டைக்காய் அளவு போதும்.

மறுபடி வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு இரண்டு இட்லி. மீட்டர் கையில் இல்லையென்றால் சோதனைக்குக் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். வீடெல்லாம் இனிப்பு இருக்கிறதே என்று லட்டையோ மைசூர்பாகையோ வாயில் போட்டால் பலன் தாமதமாகும். அதிலுள்ள நெய், சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை மெதுவாக்கும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டாம், முறையை மாற்றினால் போதும். பிரஷர் மாத்திரை போடுபவர்கள் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். காலுக்குக் கீழே எண்ணெய்த் தரை வேறு. தீபாவளிக் காலையில் இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறைக்கு வெளியே, நாற்காலியில் உட்கார்ந்து முடியுங்கள். உள்ளங்காலில் தேய்க்காதீர்கள். பத்து நிமிஷம் ஊறினால் போதும். குளியலறையிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கட்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். சூட்டை முழங்கையால் பாருங்கள். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் கொப்புளம் வந்த பிறகுதான் சூட்டைச் சொல்லும். சீயக்காயை முதலில் பாதத்தில் தேய்த்துக் கழுவுங்கள், தலைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துவட்டுவதும் உட்கார்ந்தபடியே நடக்கட்டும். உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். உங்களுக்கு முன்னால் நான்கு பேர் குளித்திருந்தால், பாத்திரம் துலக்கும் சோப்பு போட்டுத் தரையைத் தேய்த்த பிறகே உள்ளே போங்கள்.

4 மணிக்கு எழ முடியாவிட்டால் தலையில் மூன்று சொட்டு வைத்துக்கொண்டு 7 மணிக்குக் குளியுங்கள். பேரப் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வைத்துவிடும் உரிமை உங்களுடையது. அதை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம்.

*

மதுரையிலிருந்து சென்னைக்குப் பெண் வீட்டுக்குப் போக நாங்கள் நாலு பேர் ஒரே டிக்கெட்டில் முன்பதிவு செய்தோம். எனக்கு 70, மனைவிக்கு 65. இரண்டு பேருக்கும் மேல் படுக்கை போட்டுவிட்டார்கள். மூத்தவர்களுக்குக் கீழ்ப் படுக்கை என்பதெல்லாம் சும்மாவா?
– வாசகர், மதுரை

சும்மா இல்லை ஐயா, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ, இந்த வயதில் உள்ள இருவரோ மட்டும் பயணம் செய்தால்தான் அது பொருந்தும். நாலு பேரைச் சேர்த்ததால் ஒதுக்கீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். அடுத்த தடவை உங்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போட்டு, முன்பதிவின்போது மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாள் முன்புதான் திறக்கிறது, அந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இப்போதைக்கு டிக்கெட் பரிசோதகரிடம் கேளுங்கள். காலியான கீழ்ப் படுக்கை இருந்தால் மாற்றித் தர அவரால் முடியும்.

ரயிலில் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரையே குடிக்காமல் வருகிறவர்கள் பலர். இறங்கும்போது தலைசுற்றல், நாலு நாளில் நீர்க்கடுப்பு. கழிப்பறைக்குப் பக்கத்துப் படுக்கை கிடைத்தால் சலித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைப் பையும் டாக்டர் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

*

மாமியாருக்கு 78 வயது, இரண்டு வருஷமாக மறதி நோய். போன தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டு நடுங்கிப்போய், சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு 'என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று விடிய விடிய அழுதார். இந்த வருஷம் தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா?
– வாசகி, சென்னை

டாக்டர் அவருக்கென்று எழுதித் தராத தூக்க மாத்திரை வேண்டாம். மறதி நோய் உள்ளவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும். பாதி மயக்கத்தில் எழுந்து நடந்து விழுவார்கள்.

2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நாளில் 2 மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கிவருகிறது. தெருவில் அதற்கு வெளியேயும் வெடிப்பார்கள் என்றாலும், உங்கள் திட்டத்துக்கு இந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டை 6 மணிக்கே முடித்துவிடுங்கள். ஆறரைக்குத் தெருவை ஒட்டாத அறைக்கு அழைத்துப் போய் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, விளக்கைப் போட்டுவிடுங்கள். வெளிச்சம் மங்க மங்க இவர்களுக்குப் பதற்றம் ஏறும். அவருக்குப் பழகிய சாமி பாட்டு ஓடட்டும். உறவினர் கூட்டத்துக்காக அவருடைய கட்டிலையும் அறையையும் மாற்றாதீர்கள். அன்றைக்குப் புதுப் புடவை மொடமொடவென்று உறுத்தினால் துவைத்த பழைய பருத்திப் புடவையே போதும், புதுப் புடவையின் ஓரத்தை மடியில் வைத்தால் சாஸ்திரத்துக்கு ஆயிற்று.

'வீட்டுக்குப் போகணும்' என்றால் 'இதுதான் வீடு' என்று வாதாடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு, 'அங்க வாசல்ல என்ன செடி இருந்துச்சு அத்தை?' என்று அந்த வீட்டைப் பற்றியே கேளுங்கள். பேச்சு ஓட ஓட மூச்சு சீராகும்.

வருகிறவர்களிடம் வாசலிலேயே ஒன்று சொல்லிவிடுங்கள்: 'என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்' என்று யாரும் கேட்கக் கூடாது. பதில் தெரியாமல் நாலு பேர் முன்னால் விழிக்கிற அவமானம், பெயர் மறந்த பிறகும் உறைக்கும். 'அத்தை, நான் உங்க தம்பி பொண்ணு வந்திருக்கேன்' என்று அவர்களே சொல்லட்டும். கூட்டமான நாளில் வாசல் கதவு திறந்தே கிடக்கும். ஆளாளுக்கு ஒரு மணி நேரம் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிரித்து எழுதி ஒட்டுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை. முகவரியும் உங்கள் போன் எண்ணும் எழுதிய சீட்டு அவர் சுருக்குப்பையில் இருக்கட்டும். அவருக்குச் சளி, மூச்சிரைப்பு இருந்தால் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

*

கணவர் ஆனி மாதம் காலமானார். எனக்கு 66. இந்த வருஷம் பண்டிகை இல்லை. ஆனால் பிள்ளைகள் 'அம்மா தனியா இருந்தா அழுவாங்க' என்று எல்லாரும் கிளம்பி வருகிறார்கள். என்னால் சிரித்த முகமாக இருக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

சிரித்த முகமாக இருக்கும் கடமை உங்களுக்கு இல்லை அம்மா. துக்கம் நடந்த வீட்டில் அந்த ஒரு வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். துக்கப்படுகிறவளை வேலை வாங்கக் கூடாது என்ற பரிவு அந்த வழக்கத்தில் இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுகை வந்தால் அழுவேன், யாரும் பேச்சை மாற்ற வேண்டாம். அப்பா பெயரைச் சொல்லிப் பேசுங்கள், மறைக்க வேண்டாம். விடிகாலை 4 மணிக்கு அவர் எழுப்பிய நேரத்தில் விழிப்பு வரும், அந்த நேரத்துக்கு மகளோ பேத்தியோ பக்கத்தில் படுத்திருக்கட்டும். கூட்டம் தாங்கவில்லையென்றால் எழுந்து உள்ளே போய்விடலாம், விளக்கம் சொல்ல வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லாவிட்டால், அல்லது இருந்து என்ன பயன் என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தால், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தீபாவளிக்கு வீட்டில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பது அம்மாதான் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். யாராவது முணுமுணுத்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அம்மா இல்லை.

*

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறேன். இந்த வருஷம் பேத்திக்குத் தலை தீபாவளி. சீர், துணிமணி என்று பட்டியல் நீள்கிறது. நகையை அடகு வைக்கலாமா என்று யோசனை.
– வாசகர், சேலம்

அடகு வேண்டாம். பேத்திக்குத் தலை தீபாவளி என்றால் சீர் செய்ய வேண்டியவர்கள் அவளுடைய பெற்றோர். தாத்தாவின் பங்கு வேட்டி, புடவை, ஒரு கவர். தொகையை ஐப்பசி முதல் தேதியே எழுதிவைத்து, மற்ற பேரப் பிள்ளைகளின் கவரையும் அதே நாளில் ஒட்டி பீரோவில் வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கை நீளாது. மருத்துவச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணத்தைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கும் வேலையும் இருக்கிறது. 80 நிறைந்திருந்தால் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தீபாவளிச் சந்தடியில் மறந்துபோவதும், 'சான்றைப் புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்க' என்று வரும் போலி அழைப்பில் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவதும் நடக்கிறது. வங்கியோ ஓய்வூதிய அலுவலகமோ போனில் ஓடிபி கேட்காது. சொல்லித் தொலைத்துவிட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு.